வாத்து சுடப் போன வெள்ளிக்கிழமை

"தம்பி, உங்க டிவி கேம் பரண்ல கெடக்கு. வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம். காயலாங்கடைக்குப் போட்டுடட்டுமா, இல்ல வந்து எடுத்துக்கிறீங்களா?"

அண்ணி போனில் கேட்டபோது நான் ஆபீஸில் ஒரே கூட்டலை மூன்றாவது தடவையாகத் தப்பாகப் போட்டுக் கொண்டிருந்தேன். 'உங்க டிவி கேம்' என்றாரே, அந்த 'உங்க'தான் காதில் தங்கிவிட்டது. ஏனென்றால், கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அது என்னுடையது இல்லை. 1996-ம் வருஷம் மே மாதம், செட்டிகுளத்தில், என் பெரியப்பா மகனிடம் பந்தயத்தில் தோற்றுப் பறிகொடுத்த சொத்து. கேஸ் போடாத குறை!

"அண்ணி, தொடாதீங்க. நானே வர்றேன்" என்றேன்.

மேனேஜரிடம் 'சொந்த ஊரில் கோயில் விசேஷம்' என்று ஒரு பொய். செட்டிகுளம் மலை முருகன் பெரிய மனசுக்காரர், மன்னித்துவிடுவார். வியாழக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். பையில் இரண்டு சட்டை, அண்ணன் பையனுக்கு ஒரு பரிசு. அந்தப் பரிசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

விடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்தால் ஜன்னல் ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். 17-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் மோதியிருக்கிறார்கள். சரித்திரம் படித்தவர்களுக்கு அது ஞாபகம் வரும். எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'.

திருச்சியில் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாப்பியில் போட்டுத் தருவார்கள். 1989-ல் வந்த கேம். ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படம் படமாகப் பார்த்து வரைந்தாராம். அதனால்தான் அந்த வெள்ளை உடைக்காரன் ஓடினால் நிஜ மனிதன் ஓடுகிற மாதிரி இருக்கும். பொத்தானை விட்ட பிறகும் ஓர் அடி வைத்துவிட்டுத்தான் நிற்பான். அந்த ஓர் அடியில் தரையிலிருந்து ஈட்டி கிளம்பி... சதக்! ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். எங்கள் சென்டரில் ஒருத்தருக்குக் கொடுப்பதே அரை மணி நேரம். இளவரசி கடைசிவரை சிறையில்தான்.

2024 ஜனவரியில் அதே பெயரில் 'தி லாஸ்ட் கிரவுன்' என்று புதுசாக ஒன்று வந்தது. இதில் இளவரசனே ஹீரோ இல்லை சார். அவனைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். சர்கோன் என்று வேறொரு வீரன் மீட்கப் போகிறான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கேம். ராத்திரி இரண்டு மணி வரை ஆடி வீட்டில் திட்டு வாங்கினேன். ஆனால் சர்கோன் ரப்பர் பந்து மாதிரி குதிக்கிறான். பழைய ஆசாமிக்கு உடம்பில் எடை இருந்தது. விழுந்தால் நமக்கு வலிக்கும்.

பெரம்பலூரில் இறங்கி டவுன் பஸ். வெள்ளிக்கிழமை என்பதை மறந்து தொலைத்திருந்தேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். ஆகவே பஸ்ஸில் எலுமிச்சம்பழ மாலைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் பயணம். சிறுவாச்சூரில் முக்கால்வாசிக் கூட்டம் இறங்கியதும்தான் என் இன்னொரு கால் எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது.

ஆலத்தூர் கேட்டில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் எட்டுக் கிலோமீட்டர். தூரத்தில் பச்சைமலை நீலமாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி. நடுநடுவே சின்ன வெங்காயம். வயலோரத்தில் வெங்காயப் பட்டறைகள். பட்டறை என்றதும் சம்மட்டிச் சத்தம் எதிர்பார்க்காதீர்கள். அறுவடையான வெங்காயத்தைத் தரையில் ஈரம் படாமல் உயர்த்தி, சுற்றிலும் காற்றுப் புகுகிற மாதிரி தடுப்புக் கட்டி, மேலே கூரை போட்டு வைக்கிற இடம். விலை ஏறும்வரை மாசக்கணக்கில் உள்ளேயே இருக்கும். சென்னையில் இட்லிக்கு சாம்பார் ஊற்றும்போது முழுசாக ஒரு வெங்காயம் வந்து விழுகிறதே, அது இந்த ஊர்க்காரனாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் முதலில் பெரம்பலூர் மாவட்டத்தைத்தான் சொல்வார்கள். மாவட்டத்துக்குள் சொல்வது செட்டிகுளத்தை.

ஊருக்குள் நுழையும்போதே குன்று தெரியும். மேலே தண்டாயுதபாணி. முருகனுக்கு வேல், தண்டம் எல்லாம் பார்த்திருப்பீர்கள். இங்கே அவர் கையில் கரும்பு! கீழே ஊருக்குள் ஏகாம்பரேஸ்வரர், காமாட்சி அம்மன். அந்தக் கோயிலில் 12 ராசிக்கும் தனித்தனிக் குபேரன். சம்பளத் தேதிக்கு முந்தின வாரம் போய்வர உகந்த தலம்.

சின்ன வயதில் மலைக்கு இருநூற்றுச் சொச்சம் படியையும் நானும் அண்ணனும் ஓடியே ஏறுவோம். பங்குனி உத்திரத் தேரோட்டத்துக்குப் போடுகிற கடைகளில்தான் எனக்கு முதல் 'வீடியோ கேம்' கிடைத்தது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா, பொத்தானை அமுக்கினால் குட்டி வளையங்கள் மிதந்து போய்க் குச்சியில் மாட்டுமே... அது! அடுத்த வருஷம் '9999 இன் 1' என்று எழுதிய பிரிக் கேம். டெட்ரிஸ் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதோ, 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் செய்தது என்பதோ அப்போது எங்களுக்குத் தெரியாது. 'கட்டை அடுக்குற கேம்' என்போம். அதற்கு முடிவே இல்லை என்று நினைத்திருந்தோம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருத்தன் நின்டென்டோ டெட்ரிஸை 157-வது லெவல் வரை ஆடி, மெஷினே உறைந்து நிற்கும்படி செய்துவிட்டான். 1989-ல் வந்த கேமை 34 வருஷம் கழித்து ஒருத்தன் 'முடிக்கிறான்'. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

"வாடா! என்ன, முடியெல்லாம் போச்சு?" என்று வரவேற்றான் அண்ணன். எங்கள் பக்கத்தில் பாசம் இப்படித்தான் வெளிப்படும்.

காபிக்குப் பிறகு பரணிலிருந்து யூரியா சாக்கு ஒன்று இறங்கியது. உள்ளே என் பழைய சொத்து. பழுப்பேறிய பெட்டி. மஞ்சள் கேசட் நாலு. கன்ட்ரோலர் இரண்டில் ஒன்றின் வயரை எலி பரிசீலித்திருந்தது. அப்புறம், கறுப்பாக, பிளாஸ்டிக்கில்... துப்பாக்கி!

1996-ல் திருச்சி சிங்காரத்தோப்பில் அப்பா தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார். அவர் சம்பளத்தில் அது பெரிய பள்ளம். ஜப்பானில் 1983-ல் நின்டென்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியின் நகல். மொத்த சர்க்யூட்டையும் ஒரே ஒரு சில்லுக்குள் அடக்கி, மேலே கறுப்புப் பிசினைக் கொட்டி மூடி, கிழக்காசியாவிலிருந்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். சமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று விதவிதமான பெயர். நிஜ நின்டென்டோவை நான் முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். எங்களுக்கு நகல்தான் அசல்.

கேசட்டில் 'லட்சம் இன் 1' என்று போட்டிருக்கும். ஆசையாக லிஸ்ட்டில் கீழே கீழே போனால் அதே ஏழு கேம் வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்தில் ஆரம்பிக்கும். ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து 'ஃபூ' என்று ஊத வேண்டும். இந்த வைத்தியத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊதுவதால் பலனில்லை, எச்சில் ஈரத்தில் பின்கள்தான் கெடும், வெளியே எடுத்து மறுபடி செருகியதால்தான் ஓடுகிறது என்று பிறகு விளக்கினார்கள். நின்டென்டோ கம்பெனியே ஊதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இருக்கட்டும். அன்றைக்கும் நான் ஊதித்தான் போட்டேன்.

அண்ணன் பையன் பிளஸ் டூ. செல்போனில் நூறு பேர் பாரசூட்டில் குதித்துச் சுட்டுக்கொள்கிற கேம் ஆடுகிறவன். ஒரு கண்ணால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இது எவ்ளோ பழசு சித்தப்பா?"

"முப்பது வருஷம்டா."

"இதெல்லாம் ஒரு பழசாடா?" என்று உள்ளே புகுந்தான் அண்ணன். "சாத்தனூர்ல கல்மரம் கெடக்கு. 12 கோடி வருஷம்."

சரிதான். இதே ஆலத்தூர் தாலுகாவில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னது. அதன் பக்கத்தில் என் டிவி கேம் பச்சைக் குழந்தை.

இப்போது பரிசுக்கு வருகிறேன். பையனுக்கு நான் வாங்கிப் போனது ஒரு 'ரெட்ரோ ஸ்டிக்'. விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. டிவி பின்னால் செருகினால் பத்தாயிரம் பழைய கேம். நகலின் நகல். இந்தப் பழசுக்கு உயிர் கொடுக்கிற வியாபாரம் 2016 நவம்பரில் நின்டென்டோ உள்ளங்கை அளவு 'கிளாசிக்' பெட்டியில் 30 கேம்களைப் போட்டு விற்ற நாளிலிருந்து சூடு பிடித்தது. கடைகளில் வந்த வேகத்தில் காலி. வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் என் வயசுக்காரர்கள். பிறகு சோனி 2018 டிசம்பரில் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' விட்டது. 20 கேம், அதில் ஒன்பது, ஐரோப்பாவுக்காகச் செய்த மெதுவான 50 ஹெர்ட்ஸ் ரகம். ஜனங்கள் கொதித்தார்கள், சில மாதங்களில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. நமக்கு 50 ஹெர்ட்ஸ் புதுசில்லை. நம் வீட்டு டிவி எல்லாமே அந்த ஜாதிதான். ஆனாலும், பழசை விற்க வந்தவர் அந்தப் பழசைக் கொஞ்சம் மரியாதையாகத் தூசு தட்டிக் கொடுத்திருக்கலாம்.

மரியாதை என்றால் எப்படி? 2017-ல் வந்த 'சோனிக் மேனியா'வைச் சொல்வேன். பழைய சோனிக்கின் மேல் பைத்தியமாக இருந்த ரசிகர்களையே கூப்பிட்டு, நீங்களே செய்யுங்கள் என்று விட்டுவிட்டது சேகா கம்பெனி. கிறிஸ்டியன் ஒயிட்ஹெட்டும் அவர் கூட்டாளிகளும் ஒவ்வொரு வளைவிலும் பழைய வேகத்தை அப்படியே பிடித்திருந்தார்கள். கம்பெனி பல வருஷமாகச் செய்ய முடியாததை ரசிகர்கள் செய்து கொடுத்தார்கள். அதற்கு நேர்மாறாக, பழைய பெயர், பழைய முகம், உள்ளே மட்டும் 'இந்தக் கத்தியை 79 ரூபாய்க்கு வாங்கு' என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கை நீட்டுகிற செல்போன் கேம்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசினால் பிளட் பிரஷர் ஏறும். விடுங்கள்.

அண்ணன் வீட்டு 43 இன்ச் டிவியில் குச்சியைச் செருகினோம். மாரியோ வந்தார். எனக்குப் புல்லரித்தது.

"டேய், இந்த கேம் மொத்தமே 40 கேபி தெரியுமா? உங்க பாட்டி வாட்ஸ்அப்ல அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பெரிசு. இங்க பாரு, மேகத்தையும் புதரையும் உத்துப் பாரு. ரெண்டும் ஒரே படம். வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா புதர். இடம் பத்தலைன்னு 1985-லயே செஞ்ச சிக்கனம்."

"ஏமாத்து வேலை சித்தப்பா" என்றான் பையன். ஆனால் கைபேசியைக் கீழே வைத்திருந்தான். கவனித்தேன்.

பெருமையாக நான் ஆட ஆரம்பித்தேன். முதல் பள்ளத்திலேயே மாரியோ விழுந்தார். மறுபடி விழுந்தார். என் கட்டைவிரலுக்கும் அவர் குதிப்பதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. புது டிவி, வருகிற படத்தை வாங்கி, யோசித்து, அழகுபடுத்தி, அப்புறம்தான் காட்டுகிறது. செட்டிங்ஸில் 'கேம் மோட்' போட்டபின் கொஞ்சம் தேவலை. பையன் என்னிடமிருந்து வாங்கி, அவன் பாட்டுக்கு அந்த இடைவெளிக்குப் பழகி, மூன்றாவது கட்டம் போய்விட்டான். விழுந்தால் 'ரீவைண்ட்' பொத்தானை அமுக்கினான். மாரியோ பள்ளத்திலிருந்து பின்பக்கமாக எழுந்து வந்தார். அக்கிரமம் என்று எனக்குப் பட்டது. பிறகு காண்ட்ரா போட்டபோது இரண்டாவது நிமிஷத்திலேயே நானும் அதைத்தான் அமுக்கினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு குறுக்குவழி. மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. காண்ட்ராவில் இதை அமுக்கினால் 30 உயிர். திருச்சிப் பையன்களிடையே மந்திரோபதேசம் மாதிரி காதோடு காதாகப் போகும். அதன் ரிஷிமூலம் காண்ட்ரா இல்லை. கோனாமி கம்பெனியில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-ல் 'கிரேடியஸ்' என்ற கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றிக் கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க ஆடினால் அவராலேயே முடியவில்லை, அத்தனை கஷ்டம். தனக்காக ஒரு திருட்டு வழி வைத்துக்கொண்டார், எடுக்க மறந்துவிட்டார். 2020-ல் அவர் காலமானபோது உலகம் முழுக்கப் பல பேர் அஞ்சலியாக எழுதியது அந்தப் பத்து எழுத்தைத்தான்.

காண்ட்ராவுக்கும் 2024-ல் 'ஆபரேஷன் கலூகா' என்று மறுபிறப்பு. ஆடினேன். பளபளப்பு உண்டு, இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிக்க அண்ணன் இல்லை. அதை எந்த கம்பெனியும் விற்பதில்லை.

சரி, நான் எதற்கு வந்தேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி இருந்தது என்றேனில்லையா? அதற்கு ஒரு கேம், 'டக் ஹண்ட்'. 1984-ல் வந்தது. புதருக்குள்ளிருந்து வாத்து பறக்கும், டிவியைப் பார்த்துச் சுட வேண்டும். விட்டுவிட்டால் ஒரு நாய் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1996 மே மாதக் கடைசி வாரம். நான் ஏழாவது முடித்திருந்தேன். பத்து வாத்தில் யார் அதிகம் விழ வைக்கிறோம் என்று பந்தயம். தோற்றவன் டிவி கேமை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். திருச்சியில் நான்தான் வீதி சாம்பியன். தைரியமாகச் சரி என்றேன்.

நான் சுட்டபோது வாத்துகள் வெறி பிடித்த மாதிரி பறந்தன. மூன்றுதான் விழுந்தது. அண்ணன் ஏழு. அழுதுகொண்டே திருச்சிக்கு பஸ் ஏறினேன். பெட்டி செட்டிகுளத்திலேயே தங்கிவிட்டது. அப்பா கேட்டதற்கு 'மறந்து வெச்சுட்டேன்' என்றேன். அடுத்த இரண்டு லீவுக்கு நான் ஊருக்கே போகவில்லை.

பல வருஷம் கழித்து ஒருநாள், ஆபீஸ் இடைவேளையில், டக் ஹண்டோடு அசலாக வந்த கையேட்டைப் பற்றிப் படித்தேன். எங்கள் நகல் பெட்டியோடு கையேடு ஏது? அதில் சாவதானமாகச் சொல்லியிருந்தது: ஒற்றை வாத்து ஆட்டத்தில், இன்னொரு சாக்கெட்டில் செருகிய கன்ட்ரோலரை வைத்திருப்பவர் வாத்தை இஷ்டத்துக்கு ஓட்டலாம்!

அன்றைக்கு, நான் சுட்டபோது, கன்ட்ரோலர் யார் கையில் இருந்தது? 'ஸ்டார்ட் அமுக்கணும்ல, நான் வெச்சிருக்கேன்' என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? அதே சமயம், அவன் சுட்டபோது நான் என்ன செய்தேன்? கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக் கொண்டிருந்தேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் இரண்டு கல்யாணத்திலும் ஒரு காதுகுத்திலும் அவனோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட்டால் சான்ஸ் கிடையாது. நாளைக்கு வீட்டை இடித்துவிடுவார்கள்.

பழைய பெட்டியைப் புது டிவியில் மாட்டினோம். படம் வந்தது. வாத்து வந்தது. சுட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. டிவியின் மேலேயே துப்பாக்கியை ஒட்டவைத்துச் சுட்டேன். நாய் சிரித்தது.

"துப்பாக்கி போயிடுச்சு" என்றான் அண்ணன், சற்று அவசரமாக.

"துப்பாக்கி போகலை. டிவி தப்பு" என்றேன்.

விஷயம் இதுதான். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது வெறும் கண். விசையை இழுத்ததும் டிவி திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். இருட்டுக்கு அப்புறம் வெளிச்சம் தெரிந்தால் குண்டு பட்டதாகக் கணக்கு. வெறும் வெளிச்சம் போதாது, முதலில் இருட்டு வேண்டும். சின்ன வயசில் குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்து நாங்கள் தோற்றது இதனால்தான். பிக்சர் ட்யூப் டிவியில் அந்த வெள்ளை உடனே மின்னும். புது டிவி யோசித்துக் காட்டுவதற்குள் பெட்டி பொறுமை இழந்து 'தப்பு' என்று எழுதிவிடும். இப்போது கேமரா வைத்த துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. திரையைச் சுற்றி வெள்ளை பார்டர் போட்டு, அதைப் பார்த்துக் குறியைக் கணக்குப் போடும். அது ஆன்லைனில் ஆர்டர் செய்து வாங்க வேண்டியது. எனக்கு வேண்டியது, அன்று சாயந்திரத்துக்குள் ஒரு ட்யூப் டிவி.

"கலைஞர் டிவி!" என்று கத்தினேன்.

"அதுல சீரியல்தானே வரும்?" என்றார் அண்ணி. சேனல் இல்லை அண்ணி! 2006 செப்டம்பரில் ஆரம்பித்து 2011 வரை, ஒன்றரைக் கோடிக்கு மேல் தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கொடுத்தார்களே, 14 இன்ச் கலர் டிவி, அது. கட்சி பேசவில்லை. ஒரு ஊரில் திடீரென்று ட்யூப் டிவி வேண்டும் என்றால் உலகத்திலேயே தேடுவதற்கு வசதியான இடம் தமிழ்நாடுதான் என்று சொல்கிறேன். மேல்நாட்டில் இந்த ரெட்ரோ பைத்தியங்கள் ட்யூப் டிவிக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

பைக்கில் கிளம்பினோம், அண்ணன் ஓட்ட, பையன் நடுவில், நான் கடைசியில். முதல் வீட்டில் டிவி, பழைய இரும்புக்காரரிடம் இருநூறு ரூபாய்க்குப் போயிருந்தது. இரண்டாவது வீட்டில் கூடு மட்டும் இருந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கொக்கரித்த தோரணையில் டக் ஹண்ட் நாயின் சாயல். மூன்றாவது வீட்டில் பட்டறைப் பக்கம் போட்டு மழையில் நனைந்து, ட்யூப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து, இந்த வருஷம் வெங்காயத்தில் திருகல் நோய் வந்ததைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். தாள் திருகிக்கொண்டு, அடியில் காயே பிடிக்கவில்லையாம். போட்ட விதைக் காசுகூட வராதாம். டிவி கேட்க வந்த எனக்கு எப்படிக் கிளம்புவது என்று தெரியவில்லை.

கடைசியில் மலையடிவாரத்துப் பக்கம் ஓர் ஆயா. வயசு எண்பதுக்கு மேல். அவர் வீட்டில் டிவி இருந்தது மட்டுமில்லை, ஓடிக்கொண்டும் இருந்தது!

"தரமாட்டேன். எட்டு மணிக்கு நாடகம்."

"ஏழரைக்குள்ள கொண்டாந்துடறோம் ஆயா."

"போன வாரம்தான் அவளை மாடியிலேர்ந்து தள்ளிவிட்டானுவ. இன்னைக்குத்தான் கண்ணு முழிப்பா."

மூன்று பேரும் மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்த பிறகு கொடுத்தார். 14 இன்ச் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள் சார், ட்யூப் டிவி கனம் தூக்கினவனுக்குத்தான் தெரியும். அதை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் வந்தேன். ஊரே பார்த்தது.

மஞ்சள் வயரைச் செருகினோம். மெல்லிய 'ஙீ' சத்தம். முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் திரை முடியைச் சிலிர்க்க வைத்தது. வாத்து. 'டப்!' விழுந்தது. பையன் துள்ளிக் குதித்தான். "சித்தப்பா, குடுங்க குடுங்க!"

"இரு. முதல்ல உங்க அப்பாவும் நானும். பத்து வாத்து. அண்ணே, ஸ்டார்ட் அமுக்கணும்ல, கன்ட்ரோலரை நீயே வெச்சிக்க."

உட்கார்ந்தான். முதல் வாத்து நேராகப் பறந்தது. சுட்டேன், விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வாத்து பாதி வழியில் சட்டென்று கீழே இறங்கி, புதர் ஓரமாகவே ஓடிப் போய்விட்டது. நாய் சிரித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றான், என்னைப் பார்க்காமலே.

"ஒன்பது."

"எனக்கு அன்னைக்குக் காலைலதான் தெரியும். தற்செயலா அமுக்குனேன், வாத்து திரும்புச்சு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த வருஷம் பட்டறைல வெங்காயம் பூரா அழுகிப் போச்சு. அப்பா கடன்காரனுக்கு பயந்துகிட்டு வீட்டுக்கே ராத்திரிதான் வருவாரு. நீ ஜூன்ல பொட்டியை எடுத்துகிட்டுப் போயிடுவே. நான் அதை வெச்சு ஊர்ப் பசங்களுக்கு அரை மணிக்கு ஒரு ரூபான்னு விட்டேன். ஞாயித்துக்கெழமைன்னா இருபது, இருபத்தஞ்சு வரும். தீபாவளிக்குத் தங்கச்சிங்க ரெண்டுக்கும் துணி எடுத்தது உன் வாத்துலதான்டா."

ஒன்பது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்று என்னிடம் இருந்தது. தொண்டைக்கு வரவில்லை. அண்ணி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்; அவருக்கும் இது புதுசு என்று முகத்தில் தெரிந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றேன்.

"குடுத்திருக்க மாட்டே" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். குடுத்திருக்க மாட்டேன்.

"சரி, துப்பாக்கியைப் பிடி. இப்ப கன்ட்ரோலர் என் கையில" என்றேன்.

தயவு தாட்சண்யமே காட்டவில்லை. வாத்தை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மூலைக்கு மூலை விரட்டினேன். அண்ணன் எழுந்து நின்று, முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, என்னென்னவோ செய்து பார்த்தான். பத்துக்கு ஒன்று. பையன் தரையில் உருண்டு சிரித்தான். நாய் ஒன்பது தடவை சிரித்தது.

"அந்த நாயைச் சுட முடியாதாடா?"

"முடியாது அண்ணே. உலகத்துல எல்லாரும் முயற்சி பண்ணிட்டாங்க."

ஏழே காலுக்கு ஆயாவே வந்துவிட்டார், எங்கள் சத்தியத்தில் நம்பிக்கை இல்லாமல். திரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "இது என்னா, கொக்கா?" என்றார். வாத்து என்றோம். டிவியை வயரோடு தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நாடகம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மாடியிலிருந்து விழுந்த பெண்ணின் முழு வரலாற்றையும் வழியில் எனக்குச் சொன்னார்.

மறுநாள் காலை ஆலத்தூர் கேட்டில் சென்னை பஸ்ஸுக்குக் கை காட்டிக் காட்டி நாலாவது பஸ் நின்றது. பெட்டியை எடுத்து வரவில்லை. பையன், எலி கடித்த வயரை ஒட்ட வைக்கிறேன் என்று சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். என்னிடம் இருந்தது, அண்ணன் ஏற்றிவிட்ட பதினைந்து கிலோ சின்ன வெங்காயம்.

"மூட்டைக்குத் தனி டிக்கெட் சார்" என்றார் கண்டக்டர்.